மதுரைச் சந்துகளை இரவில் படமெடுக்க

இரவுப் படம் கற்றுக்கொள்ள வருகிறவர்கள் முதலில் கேட்பது, என்ன கேமரா வாங்கலாம் என்று. நான் கேட்பது வேறு. எந்தச் சந்து, எத்தனை மணிக்கு, அங்கே எரிவது யாருடைய விளக்கு? இந்த மூன்றும் தெரிந்துவிட்டால் கையிலிருக்கும் போனே போதும். பகல் வெளிச்சம் எல்லோருக்கும் பொது. இரவில் ஒரு சந்துக்குள் விழும் ஒவ்வொரு வெளிச்சத்துக்கும் ஓர் ஆள் உண்டு. பூக்கட்டுகிற அக்காவின் தலைக்கு மேல் தொங்கும் குண்டு பல்பு, தையல்காரரின் டியூப்லைட், பிள்ளையார் மாடத்தில் யாரோ ஏற்றிவைத்துப் போன அகல், இட்லிக் கடையின் எல்.இ.டி. அவர்கள் கடையை எடுத்துவைத்தால் அந்த வெளிச்சமும் கூடவே கிளம்பிவிடும். பழைய ஊரின் சந்துக்கு இரவில் ஒரு முகம் இருக்கிறதென்றால் அது இந்த ஆட்களும், இவர்களுடைய விளக்குகள் அணைகிற வரிசையும்தான். இதைப் பிடிக்காமல் வெறும் சுவரையும் வளைவையும் எடுத்தால் எந்த ஊர்ச் சந்து என்றே தெரியாத படம் கிடைக்கும்.

நான் மதுரைக்காரி. கல்யாணப் படம் எடுப்பது தொழில். தெற்குமாசி வீதியிலிருந்து உள்ளே பிரிகிற ஒரு சந்தில் வீடு. ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் கிடையாது. அந்த மாதங்களில் கேமரா முழுக்க எனக்கே சொந்தம். அப்படி எடுத்துப் பழகியதை இங்கே சொல்கிறேன்.

எங்கே நிற்பது

முதலில் ஊர் எப்படிக் கிடக்கிறது என்று மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். நடுவில் மீனாட்சியம்மன் கோயில். மதிலுக்குள் ஆடி வீதி, மதிலைச் சுற்றிச் சித்திரை வீதி, அதற்கு வெளியே ஆவணி மூல வீதி, அடுத்து மாசி வீதி, கடைசியில் வெளி வீதி. சதுரத்துக்குள் சதுரமாக நாலு திசையிலும் இதே பெயர்கள். 19ஆம் நூற்றாண்டில் கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்த்தபோது மாசி வீதிக்கும் வெளி வீதிக்கும் இடையே பெருமாள் மேஸ்திரி வீதியும் மாரட் வீதியும் வந்தன. அந்தக் கலெக்டரின் நினைவாக நட்டதுதான் கீழமாசி வீதிப் பக்கம் இருக்கும் விளக்குத்தூண். இந்தப் பெரிய வீதிகளைக் குறுக்கே இணைப்பவைதான் சந்துகள்.

இந்த அமைப்பு படமெடுக்கிறவருக்குச் செய்கிற உதவி பெரிது. தெருக்கள் ஏறக்குறைய திசை பார்த்துப் போட்டவை என்பதால், உள்ளே நோக்கி நின்றால் பல சந்துகளின் முடிவில் ஒரு கோபுரத்தின் துண்டு தெரியும். அந்தியில் கோயிலுக்குக் கிழக்கே நின்று மேற்கே பாருங்கள். சூரியன் போன பக்கத்து வானம் கோபுரத்துக்குப் பின்னால் இன்னும் உயிரோடு இருக்கும். விடிகாலைக்கு நேர் எதிர்: மேற்கே நின்று கிழக்கே பார்க்க வேண்டும். மேலமாசி வீதிப் பக்கத்துச் சந்துகளில் காலை 5:30க்கு நின்றால் கோபுரம் நீலத்தில் கரியாக நிற்பதைப் பார்க்கலாம். திருப்பணிக் காலத்தில் கோபுரங்களை மூடிக் கட்டியிருப்பார்கள், அதை மட்டும் முன்கூட்டி விசாரித்துக்கொள்ளுங்கள்.

கோபுரம் முழுசாக வரவேண்டும் என்று ஆசைப்படாதீர்கள். தெற்குக் கோபுரம் 170 அடி. முழுசாக எடுக்க அகலமான லென்ஸைப் போட்டால் சந்து நீண்டு மெலிந்து, கோபுரம் எங்கோ பொம்மையாகப் போய்விடும். 85 மி.மீ. லென்ஸ், அல்லது போனில் இரண்டு மடங்கு ஜூம். சந்தின் தூரத்தில் நின்று, இரண்டு சுவர்களுக்கு நடுவில் கலசமும் மேல்நிலை இரண்டும் மட்டும் எட்டிப் பார்க்கட்டும்.

பகலில் ஒரு தடவை கேமரா இல்லாமல் நடந்து பாருங்கள். எந்த வீட்டுத் திண்ணை இன்னும் இடிபடாமல் இருக்கிறது, எந்த மரத்தூண் புகைபிடித்துப் பளபளக்கிறது, சாக்கடை மூடி எங்கே உடைந்திருக்கிறது, நாய்கள் எந்த முக்கில் படுத்திருக்கின்றன. அப்போதே ஒரு டீயைக் குடித்துவிட்டுக் கடைக்காரரிடம் ராத்திரி எத்தனை மணி வரை இருப்பீர்கள் என்று கேட்டுவிடுங்கள்.

எத்தனை மணிக்கு

மதுரையின் இரவை யாமம் யாமமாகப் பிரித்துக் காட்டுகிறது, மாங்குடி மருதனார் பாடிய சங்கப் பாட்டான மதுரைக்காஞ்சி. முதல் யாமத்தில் கடைத்தெரு ஆரவாரம், இரண்டாவதில் கடைகள் அடைந்து பண்டம் விற்றவர்கள் கண்ணயர்வது, மூன்றாவதில் கள்வரும் அவர்களைத் தேடித் திரியும் ஊர்க்காவலரும். அவர் பிரித்த அந்தப் பிரிவு இன்றைக்கும் படமெடுக்க வசதியாகத்தான் இருக்கிறது. நான் அதற்கு முன்னால் அந்தியையும் பின்னால் மார்கழி விடியலையும் சேர்த்துக்கொள்கிறேன்.

அந்தி. நம் ஊர் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் சூரியன் சாய்ந்து சாய்ந்து இறங்காது, ஏறக்குறைய நேராக விழுந்துவிடும். நீல வெளிச்சம் இங்கே இருபது நிமிடம் நின்றால் அதிகம். நவம்பரில் ஆறு மணிக்கே சூரியன் போய்விடும், ஜூலையில் 6:40 ஆகும். மறைந்து பத்து நிமிடம் கழித்து வானத்தின் வெளிச்சமும் கடை விளக்கின் வெளிச்சமும் சமமாகிற ஒரு கட்டம் வரும். கோபுரமும் சந்தும் ஒரே படத்தில் வர வேண்டுமென்றால் அதுதான் நேரம். அதற்குப் பின் கோபுரத்து விளக்குகளுக்கும் சந்தின் இருட்டுக்கும் உள்ள இடைவெளியை எந்தக் கேமராவும் ஒரே கிளிக்கில் தாங்காது. எஃப் 2.8 (லென்ஸின் திறப்பு, எண் குறைந்தால் வெளிச்சம் கூடும்), ஐ.எஸ்.ஓ. 1600 (கேமரா ஒளியை உணரும் அளவு), 1/50 விநாடி (ஷட்டர் திறந்திருக்கும் நேரம்). இங்கிருந்து தொடங்கி, வானம் கறுக்கக் கறுக்க ஐ.எஸ்.ஓ.வை ஏற்றிக்கொண்டு போங்கள்.

முதல் யாமம், ஏழிலிருந்து பத்து. சந்தின் வெளிச்சம் நிறைந்திருக்கும் நேரம், ஆளும் நிறைந்திருக்கும் நேரம். புதியவர்கள் கூட்டத்தைக் கண்டு பயந்து, ஆள் போகட்டும் என்று காத்திருக்கிறார்கள். வேண்டாம். புதுமண்டபத்துப் பக்கம் ஏழுகடல் தெருவிலோ, விளக்குத்தூண் பக்கத்து ஜவுளிச் சந்துகளிலோ கூட்டமே காட்சி. ஆனால் கூட்டத்தைக் கூட்டமாக எடுக்கக் கூடாது. ஒரு விளக்கைத் தேர்ந்தெடுத்து அதன் முன்னால் நில்லுங்கள். வெளிச்சத்துக்குள் ஆட்கள் வந்து வந்து போவார்கள். ஒரு முகம் பாதி வெளிச்சத்தில் திரும்பும்போது அழுத்துங்கள். எஃப் 2, ஐ.எஸ்.ஓ. 3200, 1/100 விநாடி இதற்குச் சரியாக வரும்.

1/100 என்று குறிப்பாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நம் வீட்டு மின்சாரம் விநாடிக்கு 50 சுற்று. டியூப்லைட்டும் மலிவான எல்.இ.டி.யும் அதற்கேற்ப விநாடிக்கு 100 தடவை துடிக்கின்றன, கண்ணுக்குத் தெரியாது. ஷட்டரை 1/250, 1/500 என்று வைத்தால் அந்தத் துடிப்பின் நடுவில் படம் வெட்டுப்பட்டு, குறுக்கே பட்டை பட்டையாகக் கோடு விழும், அல்லது ஒரு படம் மஞ்சளாகவும் அடுத்த படம் பச்சையாகவும் வரும். 1/50, 1/100 இரண்டும் துடிப்போடு ஒத்துப்போகும். கடைத்தெருவில் இந்த இரண்டை விட்டு நகராதீர்கள்.

இட்லி ஆவி படத்தில் நிற்க வேண்டுமா? இட்லிக் கடைக்கு முன்னால் நின்று எடுத்தால் வெளிச்சம் உங்கள் பக்கமிருந்து போய் ஆவியைக் கரைத்துவிடும். பல்பு ஆவிக்குப் பின்னால் வரும்படி பக்கவாட்டில் போங்கள். அதற்கும் பின்னால் ஏதாவது இருட்டு இருக்கட்டும், ஒரு மூடிய கடை ஷட்டரோ கறுத்த சுவரோ. அப்போது ஆவி வெள்ளை இழையாக எழும். 1/100ல் இழை இழையாக நிற்கும், 1/15ல் பஞ்சாகப் பரவும். எனக்கு இழை பிடிக்கும். எங்கள் சந்து முக்கில் இட்லி சுடுகிற அம்மா இதை என்னைவிட நன்றாகப் புரிந்துகொண்டவர். "தாயி, அடுத்த ஈடு தொறக்கயில சொல்றேன், அங்கிட்டு நில்லு" என்பார். கொப்பரை மூடியைத் தூக்குகிற அந்த ஒரு நொடிக்காக ஒரு ஈடு முழுக்கக் காத்திருக்க வேண்டும். காத்திருங்கள். பரோட்டாக் கடையில் கல்லில் தண்ணீர் தெளிக்கும்போதும் இதே கணக்குத்தான்.

இரண்டாம் யாமம், பத்திலிருந்து ஒரு மணி வரை. எனக்கு மிகவும் பிடித்தது இது. கோயிலில் பள்ளியறை பூஜை முடிந்து, சொக்கநாதர் பல்லக்கில் அம்மன் சந்நிதிக்குப் போய்ச் சேர்ந்து, நடை சாத்தியபின் சித்திரை வீதி மெல்லக் காலியாகும். சந்துகளில் ஷட்டர் இறங்கும் சத்தம் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்கும். ஒவ்வொரு ஷட்டருக்கும் ஒரு விளக்கு போகும். ட்ரைபாடை ஓர் இடத்தில் நிறுத்தி, சட்டகத்தை மாற்றாமல், விளக்குகள் அணைய அணைய எடுத்துக்கொண்டே இருங்கள். கடைசியில் வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் அந்த வரிசையில் ஒரு படத்தில் மட்டும் வெளிச்சம் சரியான அளவுக்கு வடிந்திருக்கும். பெரும்பாலும் அது கடைசிக்கு முந்திய விளக்கு இருக்கும்போது எடுத்ததாக இருக்கும்.

பத்துத்தூண் சந்தை இந்த நேரத்தில் பாருங்கள். திருமலை நாயக்கர் 1636ல் கட்டிய அரண்மனையில் நாலில் ஒரு பங்குதான் இன்று மகாலாக நிற்கிறது. இடிபட்ட பகுதியின் எச்சம் இந்தப் பத்துத் தூண்கள். பகலில் துணிக்கடைப் பலகைகளுக்கும் மூட்டைகளுக்கும் நடுவில் அவற்றைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். கடைகள் அடைத்தபின் தூண்கள் தங்கள் உயரத்துக்கு எழுந்து நிற்கும். ட்ரைபாடை முழங்கால் உயரத்தில் வைத்து மேல்நோக்கி, ஐ.எஸ்.ஓ. 100, எஃப் 8, 15 விநாடி. அந்தப் பதினைந்து விநாடிக்குள் ஒரு பைக் உங்களுக்குப் பின்னாலிருந்து வந்தால் அதன் முகப்பு விளக்கு தூணின் உருண்டையை ஒரு பக்கமாக வருடிவிட்டுப் போகும். வேறெந்த விளக்கும் அந்தத் தூணுக்கு அவ்வளவு பொருந்தாது.

வளைந்து போகும் சந்துகளில் இன்னொன்று கவனியுங்கள். வண்டி வருவதற்கு முன்னால் அதன் வெளிச்சம் வந்துவிடும். வளைவின் சுவர் முதலில் லேசாக மஞ்சள் பூசும், அப்புறம் பளிச்சென்று ஏறும், அப்புறம் வண்டி. படம் இருப்பது அந்த முதல் கட்டத்தில். வண்டி கண்ணில் பட்டுவிட்டால் அதன் விளக்கு லென்ஸில் நேராக அடித்து எல்லாவற்றையும் வெளுத்துவிடும். சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நில்லுங்கள், காதில் எதையும் மாட்டிக்கொள்ள வேண்டாம்.

மூன்றாம் யாமம். கீழமாசி வீதிப் பலசரக்குக் கடைகளுக்கும் கீழமாரட் வீதி வெங்காய மண்டிகளுக்கும் லாரிகள் வந்து நிற்கும். சுமை தூக்குகிறவர்கள் தோளில் மூட்டையோடு சந்துக்குள் நுழைவார்கள். ஷட்டரை 1/15க்குக் கொண்டுவந்து, அவர் நடக்கும் வேகத்துக்குக் கேமராவையும் கூடவே திருப்பினால் ஆள் ஓரளவு தெளிவாகவும் சுவர் வரி வரியாக ஓடுவதாகவும் வரும். வழியை மறிக்காதீர்கள். அவர்கள் கூலி மூட்டைக் கணக்கு.

நகைப் பட்டறைகள் உள்ள சந்துகளில், ஊர் அடங்கியபின் வாசல் மண்ணைக் கூட்டி அள்ளுகிறவர்களைப் பார்க்கலாம். பட்டறைத் தூசியில் கலந்திருக்கும் தங்கத்தை அரித்தெடுக்கத்தான். கைவிளக்கின் வட்டத்தில் துடைப்பமும் கையும் மட்டும் தெரியும் அந்தக் காட்சியை எடுக்கக் கை பரபரக்கும். கேட்டுவிட்டு எடுங்கள். வேண்டாம் என்றால் கேமராவைப் பைக்குள் வைத்துவிடுங்கள்.

மார்கழி விடியல். நாலு மணிக்கு எழுந்தால் போதும். வாசல் தெளித்த ஈரத்தில் தெருவிளக்கு விழுந்திருக்கும், அதன் மேல் வெள்ளையாகக் கோலம் விரியும். கோயில் ஒலிபெருக்கியில் திருப்பாவை. கோலப்பொடியின் வெள்ளை கேமராவை ஏமாற்றும், கோலம் சாம்பலாக வரும். இந்த ஒரு இடத்தில் மட்டும் வெளிச்சத்தை அரைப் படி கூட்டி எடுங்கள் (ஒரு படி ஏற்றினால் வெளிச்சம் இரட்டிப்பு). பக்கத்து வீட்டு மாடியிலிருந்து கீழே பார்த்து எடுத்தால் கோலம் முழுசாகக் கிடைக்கும். ஆனால் முதல் நாளே கேட்டு வைக்க வேண்டும். அந்த நேரத்தில் பெண்கள் நைட்டியும் துண்டுமாக வாசலில் இருப்பார்கள். கேட்காமல் எடுப்பதற்கு யாருக்கும் உரிமை கிடையாது.

இருட்டைக் கெடுக்காதிருக்க

இதுதான் நான் சொல்ல வந்ததில் முக்கியமானது. கேமராவாக இருந்தாலும் போனாக இருந்தாலும் அதன் வேலை எல்லாவற்றையும் நடுத்தர வெளிச்சத்துக்குக் கொண்டுவருவது. இருட்டான சந்தைக் காட்டினால், பாவம் வெளிச்சம் போதவில்லை என்று எண்ணிக்கொண்டு அதுவே ஏற்றிக் கொடுக்கும். போனின் இரவுப் பயன்முறை பல படங்களை அடுக்கிச் சேர்த்து, நீங்கள் நின்றபோது கண்ணுக்கே தெரியாத மூலையைக்கூடப் பட்டப்பகலாக்கிக் கொடுத்துவிடும். பார்க்க வியப்பாக இருக்கும். ஆனால் அங்கே நின்றபோது உங்கள் உடம்பு உணர்ந்தது அந்தப் படத்தில் இருக்காது. பாதி மறைந்திருந்ததால்தான் அந்தச் சந்து உங்களை உள்ளே கூப்பிட்டது.

எனவே எக்ஸ்போஷரை, அதாவது படத்துக்குள் விடும் வெளிச்சத்தை, குறைத்து எடுங்கள். கேமராவில் ஒன்றிலிருந்து இரண்டு படி கீழே. போனில் திரையைத் தொட்டு, வரும் சூரியக் குறியைக் கீழே இழுத்தால் போதும். எவ்வளவு குறைப்பது என்பதற்கு எனக்கு ஓர் அளவு உண்டு. விளக்கைப் பார்க்காமல் விளக்குக்குப் பக்கத்துச் சுவரைப் பார்ப்பேன். சுண்ணாம்பு உரிந்த தடம், பழைய போஸ்டரின் கிழிசல் அந்தச் சுவரில் தெரிகிறதா? தெரிந்தால் சரி. பல்பு வெளுத்துப் போனால் போகட்டும், அது வெளிச்சம், அப்படித்தான் இருக்கும். சுவர் வெளுக்கக் கூடாது.

மஞ்சளும் வெள்ளையும் கலந்து கிடப்பது இன்றைய மதுரைச் சந்தின் இயல்பு. முன்பு சோடியம் விளக்கின் செம்மஞ்சளில் ஊரே முங்கியிருந்தது. இப்போது தெருவிளக்கு எல்.இ.டி. வெள்ளை, ஏறக்குறைய 6,000 கெல்வின் (ஒளியின் நிறத்தை அளக்கும் எண், கூடினால் நீலம், குறைந்தால் சிவப்பு). வீட்டு வாசலில் 2,700 கெல்வின் மஞ்சள் பல்பு. மாடத்தில் அதையும்விடச் சிவந்த அகல். வெள்ளையை வெள்ளையாகக் காட்ட நிறத்தைச் சரிசெய்யும் கேமராவின் தானியங்கி வொயிட் பேலன்ஸ் ஒவ்வொரு படத்துக்கும் மனம் மாறும். 3,800 கெல்வினில் பூட்டிவையுங்கள். தெருவிளக்கு விழும் இடம் லேசான நீலமாகவும் வாசல் மஞ்சளாகவும் நிற்கும். வெளியே இருக்கிறோம், உள்ளே வீடு இருக்கிறது என்பதை அந்த இரண்டு நிறமே சொல்லிவிடும். பழைய ஊர் என்பதற்காக எல்லாவற்றையும் செம்மஞ்சளாக்கிக் காட்டுகிறவர்கள் நிறைய இருக்கிறார்கள். எனக்கு அது ஒப்பாது. இந்தச் சந்தில் இப்போது எரிவது வெள்ளை விளக்கு. இங்கே இப்போது ஆட்கள் வாழ்கிறார்கள்.

மேலே தொங்கும் வயர்களுக்கும் இதையே சொல்வேன். கேபிள், மின்கம்பி, இன்டர்நெட் வயர் என்று நம் சந்துகளில் வானத்தை விட வயர் அதிகம். கணினியில் உட்கார்ந்து அவற்றை அழிக்காதீர்கள். கீழிருந்து அவை ஒரே புள்ளிக்கு ஓடுவதைப் பாருங்கள், சந்தின் ஆழத்தைக் காட்ட அவற்றைவிட நல்ல கோடு இல்லை.

ஃபிளாஷ் வேண்டாம். கார்த்திகை தீபத்தன்று திண்ணையில் அகல் வரிசையாக வைத்திருக்கும் வீட்டின் முன் ஃபிளாஷ் அடிப்பதைப் பார்த்தால் எனக்குப் பொறுக்காது. அகலுக்கு எஃப் 1.8, ஐ.எஸ்.ஓ. 3200, 1/30. கேமராவைத் தரைக்குப் பக்கம் கொண்டுபோங்கள், சுடரின் உயரத்துக்கு. திரி தூண்டுகிற குழந்தையின் முகம் கீழிருந்து ஒளி பெறும்.

கருவி, மழை, காவல்

கருவி பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 35 மி.மீ. லென்ஸ், எஃப் 2 வரை திறக்கக்கூடியது. சந்தின் அகலத்துக்கு அது சரி. ரா ஃபைலில், அதாவது கேமரா தன் போக்கில் திருத்திச் சுருக்காத மூலக் கோப்பில் எடுங்கள். இருட்டில் ஃபோகஸ் தடுமாறினால் வெளிச்சமும் நிழலும் சந்திக்கும் ஓரத்தில், கடை ஷட்டர் விளிம்பிலோ பெயர்ப்பலகை எழுத்திலோ வைத்துப் பிடியுங்கள். போன் வைத்திருப்பவர்கள் எடுக்குமுன் லென்ஸைத் துணியால் துடைத்துவிடுங்கள். நம் ஊர் வியர்வையும் விரல் எண்ணெயும் ஒவ்வொரு விளக்கிலிருந்தும் கோடு இழுத்துவிடும். ஏ.சி. அறையிலிருந்து நேராக வெளியே வந்தால் கண்ணாடியில் ஆவி படியும். பையை மூடியபடியே கால் மணி நேரம் வெளியில் வைத்துவிட்டு அப்புறம் திறங்கள்.

ஐப்பசி மழை விட்ட இரவைத் தவறவிடாதீர்கள். சித்திரை வீதியில் வண்டி விடுவதில்லை, கல் பாவிய தரை, நனைந்தால் கோபுர விளக்கு முழுவதையும் தரையில் வாங்கிக்கொள்ளும். உள்சந்துகளில் சின்னச் சின்னக் குட்டைகள் போதும். போனைத் தலைகீழாகத் திருப்பி லென்ஸைத் தண்ணீருக்கு ஒரு விரல் உயரத்தில் பிடியுங்கள். மழையில் இரும்பு மின்கம்பத்தைத் தொடாதீர்கள், மின்பெட்டியில் ட்ரைபாடைச் சாய்க்காதீர்கள். இதை எத்தனை முறை சொன்னாலும் தகும்.

கோயிலுக்குள் போனும் கேமராவும் அனுமதி இல்லை. 2018 பிப்ரவரியில் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்தபின் கட்டுப்பாடு இறுகியது. கோபுர வாசல்களில் காவல் உண்டு. சித்திரை வீதியில் ட்ரைபாடை விரித்தால் போலீஸ்காரர் வந்து கேட்பார், அது அவர் கடமை. அங்கே கையில் பிடித்து எடுத்துக்கொண்டு, ட்ரைபாடை மாசி வீதிக்கு வெளிப்பக்கச் சந்துகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். சோதனைச் சாவடியைப் படமெடுக்க வேண்டாம். டிரோன் பற்றி நினைக்கவே வேண்டாம். அடையாள அட்டை சட்டைப்பையில் இருக்கட்டும்.

தங்கச்சிகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. பத்து மணிக்கு மேல் நான் தனியாகப் போவதில்லை. தம்பி கூட வருவான், இல்லையென்றால் என்னோடு கல்யாண வேலைக்கு வருகிற பிள்ளைகளில் ஒருத்தி. கண்ணைக் கேமராவில் வைத்திருக்கும்போது முதுகைப் பார்க்க இன்னோர் ஆள் வேண்டும். ஒருவர் எடுக்க ஒருவர் பார்க்க, மாறி மாறிச் செய்தால் இருவருக்கும் படம் கிடைக்கும். அதோடு, பகலில் பேசிப் பழகிய சந்து இரவில் உங்களைக் காக்கும். நாலு கடைக்காரர்களுக்கு உங்கள் முகம் தெரிந்திருந்தால் போதும்.

ஆட்களிடம் பேசுவது

கேட்பதற்குப் பெரிய பேச்சு தேவையில்லை. "அண்ணே, இந்த வெளிச்சம் நல்லா இருக்கு, நீங்க வேலையப் பாருங்க, நான் ஒரு படம் எடுத்துக்கிறவா?" அவ்வளவுதான். முக்கால்வாசிப் பேர் "எடுத்துக்க தங்கச்சி" என்பார்கள். அதோடு சட்டையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து நிற்பார்கள். அந்தப் படத்தையும் எடுங்கள், மரியாதையாக எடுங்கள், காட்டுங்கள். அவர் சிரித்துவிட்டு மறுபடி வேலையில் குனிவார். நீங்கள் தேடி வந்த படம் அப்போது வரும். சிலர், முன்னால் நிற்கும் பைக்கை எடுக்கச் சொல்லவா என்று கேட்பார்கள். அது இருக்கட்டும் என்று சொல்லுங்கள். பைக் நிற்காத மதுரைச் சந்து கிடையாது.

திண்ணையிலும் கடை வாசலிலும் படுத்துறங்குகிறவர்கள் முகத்தை எடுக்காதீர்கள். வெளியே உறங்குவதை யாரும் விரும்பி ஏற்பதில்லை. திறந்த வீட்டுக் கதவுக்குள் லென்ஸை நீட்டாதீர்கள், வாசலில் விழும் வெளிச்சத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு வந்தபின்

மறுநாள் பாருங்கள், அன்றிரவே அல்ல. திரை வெளிச்சத்தைப் பாதிக்குக் குறைத்து, அறை விளக்கைப் போட்டுக்கொண்டு உட்காருங்கள். இருட்டறையில் பளிச்சென்ற திரையில் பார்த்தால் படம் உள்ளதைவிட வெளிச்சமாகத் தோன்றும், இன்னும் குறைத்துவிடுவீர்கள். நிழலை ஏற்றும் பட்டனைத் தொடுமுன், அந்த இருட்டில் என்ன இருந்தது என்று நினைத்துப் பாருங்கள். சாக்கடையும் குப்பைக்கூடையும் என்றால் அப்படியே இருக்கட்டும். ஓர் ஆள் உட்கார்ந்திருந்தார் என்றால், அவர் தோளின் விளிம்பு தெரியும் அளவுக்கு மட்டும் அந்த இடத்தை ஏற்றுங்கள். படத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியும் நாய்ஸை முழுக்கத் துடைக்காதீர்கள், சுண்ணாம்புச் சுவரின் சொரசொரப்பும் சேர்ந்து போய்விடும்.

பிரிண்ட் போடக் கொடுக்கும்போது திரையில் உள்ளதைவிடக் கால் படியிலிருந்து அரைப் படி வரை வெளிச்சம் ஏற்றிக் கொடுங்கள். தாளுக்குச் சொந்த ஒளி கிடையாது, கறுப்பு இன்னும் கறுப்பாகும். பளபளப்புத் தாள் வேண்டாம், இருட்டுப் படத்தில் அறை விளக்கே பிரதிபலிக்கும். மேட் தாள் கேளுங்கள். முதலில் தபால் அட்டை அளவில் ஒன்று போட்டுப் பார்த்துவிட்டுப் பெரிதாக்குங்கள்.

அந்தச் சின்ன அளவிலேயே இன்னும் சில பிரதிகள் போட்டு, படத்தில் இருக்கிறவர்களுக்குக் கொண்டுபோய்க் கொடுங்கள். அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டுப் போகிறவர்களை இந்தச் சந்துகள் நிறையப் பார்த்திருக்கின்றன. கடை மும்முரமாக இருக்கும் நேரத்தில் போகாமல், சாயங்காலம் விளக்கைப் போடுவதற்குச் சற்று முன் போங்கள். அப்போதுதான் உட்கார்ந்து பார்க்க அவர்களுக்கு நேரம் இருக்கும். அடுத்த சந்தில் யார் எத்தனை மணி வரை விளக்கு வைத்திருக்கிறார்கள் என்பதையும் அவர்களே சொல்லிவிடுவார்கள்.